சிக்னல் மாமா

பெரகலையில் ரயில் நிலையம் கிடையாது. கொழும்பு – வெல்லவாய வீதியிலிருந்து ஹாலிஎல வீதி கிளம்பும் சந்தி அது. மற்றவர்களுக்குப் பஸ் மாறும் இடம், அவ்வளவுதான். ஆனால் ஊவாவின் தீவிர ரயில் பக்தர்கள் இப்படி ரயில் இல்லாத ஊர்களில்தான் உருவாகிறார்கள். ஸ்டேஷனுக்குப் பக்கத்து லயத்தில் குடியிருப்பவருக்கு ரயில் என்பது பிள்ளையின் தூக்கத்தைக் கெடுக்கும் சத்தம். பஸ் ஏறி ஹப்புத்தளைக்குப் போய்ப் பார்க்க வேண்டியவருக்குத்தான் அது தரிசனம்.

அப்படி உருவான ஒரு பக்தருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கும். அடையாள அட்டைக்கு வெளியே அதை யாரும் பாவிப்பதில்லை. ஊருக்கு அவர் சிக்னல் மாமா.

சிக்னல் மாமா ரயில்வேயில் ஒரு நாளும் வேலை பார்த்தவர் அல்லர். தோட்டத்தில் கிளாக்கராகவோ டீமேக்கராகவோ இருந்து ஓய்வு பெற்றவர். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரோ மறுநாளே பஸ்ஸுக்கு மாறிவிடுவார். தண்டவாளத்தைத் திரும்பியும் பார்க்க மாட்டார். இது எங்கும் காணக்கூடிய நியாயம்தான்.

மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மாமாவின் கையில் குடை இருக்கும். அது குடை அல்ல, கைகாட்டி. எதிரே வருபவரை நிறுத்தி அதை நேராக நீட்டுவார். "இது என்னா? நில்லு!" பிறகு நுனியைக் கீழே சரிப்பார். "இப்ப? போகலாம்!" ஆனால் போக விடமாட்டார். கைகாட்டியைக் கம்பி எப்படி இழுக்கிறது, கம்பி அறுந்தால் கை ஏன் தானாகவே 'நில்லு' நிலைக்குத் திரும்புகிறது என்று விளக்கி முடிக்க இன்னும் பத்து நிமிஷம் ஆகும்.

கைகாட்டி முன்னுரைதான். மாமாவின் வேதம் டேப்லெட். இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் படம் பார்க்கும் பலகையை நினைப்பார்கள் என்பது அவருடைய நிரந்தர மனவேதனை. மலைநாட்டுப் பாதை ஒற்றைத் தண்டவாளம். அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களிலும் ஒவ்வொரு மெஷின். அவற்றுக்குள் ஸ்டேஷன் பெயர் வெட்டிய உலோக வில்லைகள். மணியடித்துப் பேசி, அடுத்த ஸ்டேஷன் சம்மதித்தால்தான் ஒரு வில்லை வெளியே வரும். அது ஏதாவது ஒரு மெஷினுக்குள் திரும்பிப் போகும்வரை இன்னொன்று வராது. வில்லை கையில் இல்லாத டிரைவர் நகரக் கூடாது. வளையம் மாட்டிய தோல் பையில் போட்டு, ஓடும் வண்டியில் அதைக் கைமாற்றும் அந்த நொடிக்காகத்தான் மாமா ஹப்புத்தளைக்கு டிக்கட் எடுத்துப் போகிறார். மற்றவர்கள் யன்னல் சீட்டுக்கு ஓடும்போது இவர் எஞ்சின் பக்கம் ஓடுவார்.

"இது யாரு செஞ்சது தெரியுமா தம்பி? டையர்!" என்று ஆரம்பித்தால் 1874இல் இங்கிலாந்தின் தோர்ப்பில் ஒரே பாதையில் எதிரெதிராக வந்து மோதிய இரண்டு ரயில்களில் ஏறி, எட்வர்ட் டையர் அதன் பிறகு டேப்லெட் மெஷினைக் கண்டுபிடித்த கதையில் இறங்குவோம். அடுத்த நிறுத்தம் வேல்ஸில் உள்ள ஏபர்மியூல். 1921 ஜனவரியில் அங்கே வில்லையிலிருந்த பெயரை ஒருவருமே வாசித்துப் பார்க்காமல் கைமாற்றியதில் 17 பேர் இறந்தார்கள். "மெஷின் பொய் சொல்லல தம்பி. மனுசன்தான் வாசிக்கல." அதே 1921இல்தான் எல்லயில் ஒன்பது வளைவுப் பாலம் கட்டப்பட்டது என்பதால் பேச்சு தானாகவே ஊவாவுக்குள் நுழையும். ஹப்புத்தளைக்கு 1893, பண்டாரவளைக்கு 1894, பதுளைக்கு 1924. "பண்டாரவளையிலருந்து பதுளைக்கு முப்பது வருசம்!" என்பார், அதற்கு நாம்தான் பொறுப்பு என்பது போல.

தெமோதரக் கட்டத்தில் துண்டு தேவைப்படும். மலை இறக்கத்தில் பாதை எப்படிப் போடுவது என்று திகைத்த எஞ்சினியர் விமலசுரேந்திர, ஒரு கங்காணி தலைப்பாகை கட்டுவதைப் பார்த்து, பாதையை வளைத்து ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கம் வழியாகக் கொண்டுபோனார் என்று ஒரு கதை ஊரில் உண்டு. மாமா துண்டைத் தன் தலையிலேயே சுற்றி இதைக் காட்டுவார். "எஞ்சினியர் பேர எல்லாரும் சொல்றான். கங்காணி பேர எவன் சொல்றான்?" அந்தக் கேள்விக்கு மட்டும் நமக்குச் சிரிப்பு வராது.

வீட்டிலும் இதே சட்டம்தான். டிவி ரிமோட்டுக்கு டேப்லெட் அந்தஸ்து: கையில் வைத்திருப்பவர் மேசையில் வைக்கும்வரை இன்னொருவர் சனல் மாற்றக் கூடாது. மாமி அதை மடியில் செருகிக்கொண்டு சீரியல் முடியும்வரை பாதையை விடுவிப்பதில்லை. மாமா சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்.

ஹப்புத்தளை ஏற்றத்தில் இ.போ.ச. பஸ்ஸும் தனியார் பஸ்ஸும் வளைவில் மூக்கோடு மூக்கு நின்றால் முதலில் இறங்குபவர் அவர்தான். "ரெண்டு பக்கமும் டேப்லெட் வச்சா இந்தக் கூத்து நடக்குமா?" என்று குடையை நீட்டுவார். இரண்டு டிரைவர்களும் அந்த ஒரு விஷயத்தில் ஒற்றுமையாகி அவரை ஏசுவார்கள்.

இப்படிப்பட்ட மாமாவுக்கு ஒரு நாள் ஹப்புத்தளை மேடையில் ஒரு வெள்ளைக்காரர் அகப்பட்டார் – அல்லது அவருக்கு மாமா அகப்பட்டார். அவரும் ஓய்வு பெற்றவர். ஊரில் ஒரு பழைய நீராவி ரயில் பாதையில் சனி ஞாயிறுகளில் சிக்னல் பெட்டிக்குள் தொண்டு வேலை செய்கிறாராம். 1951இல் வேல்ஸின் டாலிலின் பாதையைத் தொண்டர்களே எடுத்து நடத்தத் தொடங்கியதிலிருந்து பிரித்தானியாவில் இது ஒரு பெரும் வழக்கம். சம்பளம் இல்லை, சங்கத்துக்குச் சந்தா வேறு கட்ட வேண்டும்.

மாமா தோட்டத்து மனுசர். "அரைப் பேராவது போடுவாங்களா?" என்று கேட்டார். முழு நாள் வேலை செய்துவிட்டு, கொழுந்து நிறை குறைந்ததால் அரைப் பேர் – அரைநாள் சம்பளம் – வாங்கியவர்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு வேறென்ன கேட்கத் தோன்றும்? வந்தவருக்கு அது புரியவில்லை. ஸ்டேஷன் மெஷினைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கே தேடிப் பிடித்து, துடைத்து, மீண்டும் மணியடிக்க வைக்கப் பாடுபடும் சாமான் இங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து மாமாவுக்கும் தொண்டுப் பித்து பிடித்தது. பித்தளை துலக்கவும் கைகாட்டிக்கு வர்ணம் பூசவும் இலவசமாக வருவதாக ஒரு ஸ்டேஷனில் போய்ச் சொன்னார். "மாமா, இது கந்தோர். பழைய சாமானெல்லாம் கடுகன்னாவை நூதனசாலையில இருக்கு" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்கள். 2014இல் திறந்த அந்த நூதனசாலைக்கும் போய் வந்தார். திரும்பியவர் துக்க வீட்டுக்குப் போனவர் மாதிரி இருந்தார். "எல்லாம் நல்லாத்தான் வச்சிருக்கான். ஆனா ஒண்ணும் ஓடலியே தம்பி." ஸ்டேஷன்காரர்கள் புது விளக்குச் சிக்னல் எப்போது வரும் என்று கேட்கிறார்கள், மாமா வரக் கூடாது என்று முருகனுக்கு நேர்ந்திருக்கிறார். மரபுரிமையின் சுமை வேலை செய்பவனுக்கு, அழகு வேடிக்கை பார்ப்பவனுக்கு. மாமாவிடம் இதைச் சொன்னால் குடை நீளும்.

ரயில் தாமதம் என்ற சொல் அவர் அகராதியில் இல்லை. "லேட் இல்ல தம்பி, கிராசிங்!" எதிர் வண்டி வந்து சேரும்வரை காத்து நிற்பது தாமதம் அல்ல, தர்மம்.

இந்தத் தர்மத்தால் மாமாவின் வீட்டில் ஒரு நன்மையும் விளைந்தது. மகளைப் பெண் பார்க்க இரண்டு வீட்டார் ஒரே நாளில் கிளம்பி வந்துவிட்டார்கள். முதல் வேன் வீட்டு வாசலில். இரண்டாவது பெரகலைச் சந்தியில். மாமா சந்தித் தேத்தண்ணிக் கடைக்குப் போன் போட்டார். "முத வண்டி கீழ எறங்குற வரைக்கும் அவங்கள அனுப்பாத. வடை குடு. காசு நான் தாறேன்." இரண்டு மணித்தியாலம் வடை தின்ற வீட்டுக்குத்தான் மகள் போனாள். முதலில் வந்தவர்களை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் மாமாவிடம் பதில் தயார்: "காத்து நிக்கத் தெரிஞ்ச பையன் தம்பி. குடும்பம் சிங்கிள் லைன்!"