தண்ணீரில் கண்டம்

ராஜபாளையத்துக்காரன் என்று சொன்னால், வெளியூரில் முதலில் நாயைத்தான் விசாரிப்பார்கள். 2005-இல் தபால்தலை ஏறிய நாய் ஆயிற்றே! எனக்கோ நாய் என்றால் பயம். கடிக்காத ஜீவனாகப் பார்த்து ஓர் ஆர்க்கிட் வாங்கினேன். நாயே தேவலை. பசித்தால் குரைக்கும், போதுமென்றால் தட்டை விட்டு எழுந்து போகும். ஆர்க்கிட் இரண்டும் செய்யாது.

ஆகவே காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு என்று நானே முடிவு செய்தேன். விருந்தாளி போதுமென்று இலையை மறைத்தாலும் விரலிடுக்கில் ரசம் ஊற்றுகிற பரம்பரை. ஒரே மாதத்தில் இலைகள் துவண்டன. தாகம்போல என்று மதியமும் ஒரு சொம்பு சேர்த்தேன்.

அப்போதுதான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவாவோடு மாமியார் வந்தார். பெரியாழ்வார் நந்தவனம் வைத்த ஊர்க்காரர். செடி விஷயத்தில் அவர் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது. தொட்டியை முகர்ந்தார்.

"மாப்பிள்ளை, சேறு நாத்தம் நாறுது. தண்ணி ஊத்தியே கொன்னுட்டீகளே!"

செடியை உருவினோம். பதினொரு வேரில் ஏழு பழுப்பேறிக் கொழகொழத்திருந்தன. பிடித்து இழுத்தால் தோல் கையோடு கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சியது. நூற்பாலை ஊரில் நூலைக் கண்டு கலங்கியவன் நான் ஒருவன்தான். அழுகிய வேர் நீரை ஏற்றாது. தண்ணீரில் நின்றபடியே அது தாகத்தில் வாடியிருக்கிறது.

கத்தரியைத் தீயில் காட்டி, கெட்டியான வேர் தென்படும்வரை வெட்டினோம். வெட்டுவாயில் மட்டும் பட்டைத்தூள். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியில் ஒரு சுருள் வாங்கி வரட்டுமா என்றேன். மாமியார் முறைத்தார். ஒரு நாள் நிழலில் உலரவிட்டு, நிறைய ஓட்டை போட்ட தொட்டியில் அடுப்புக்கரியும் தேங்காய் மட்டைத் துண்டும் நிரப்பி நட்டோம்.

"மண்ணே இல்லாம எப்படி அத்தை?"

ஜன்னல் வழியே மேற்குத் தொடர்ச்சி மலையைக் காட்டினார். "அங்க மரக்கிளையில தொத்திக்கிட்டு இருக்கே, அதுக்கெல்லாம் யாரு சொம்பு தூக்கிட்டுப் போறா?"

உண்மைதான். மலை ஆர்க்கிட் மரத்தில் ஒட்டி வாழும். ஆனால் மரத்தின் சாற்றை உறிஞ்சாது. வேரைப் போர்த்திய பஞ்சு போன்ற உறை மழையைக் குடிக்கும், பிறகு காற்றில் உலரும். நனைந்தால் பச்சை, உலர்ந்தால் வெள்ளி நிறம். வெள்ளி தெரிந்தால்தான் தண்ணீர்.

மாமியார் ஊருக்குக் கிளம்பும்போது பால்கோவாவை வைத்துவிட்டு, சொம்பை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு மாதம் கழித்து, பச்சைப்பயறு அளவில் ஒரு வேர்முனை எட்டிப் பார்த்தது. போனில் சொன்னேன். "வாசமில்லாத பூவு, ஆண்டாளுக்கும் ஆகாது. அதுக்கு இம்புட்டு வைத்தியம்!" என்றார். ஆனாலும் வாரம் தவறாமல் அதை விசாரிக்கிறார்; என்னை விசாரிப்பதில்லை.

உங்கள் வீட்டு ஆர்க்கிட் வாடினால், சொம்பைத் தேடுமுன் வேரைப் பாருங்கள்.