அல்லிநகரத்து மாமா பதில்கள்

மலைக்கு அந்தப் பக்கம் கொட்டுகிற மழை நம் பக்கம் ஏன் எட்டிப் பார்ப்பதில்லை, மாமா?
- விவசாயி, கூடலூர்

மலை மேகத்தைக் கேரளத்திலேயே கறந்துவிட்டு, நமக்குக் காற்றை மட்டும் அனுப்புகிறது. காற்றுக்குக் காற்றாலை நட்டுக்கொண்டோம். தண்ணீருக்கு? மேற்கே ஓடிய பெரியாற்றை அணை கட்டி, மலையைக் குடைந்து, 1895-ல் கிழக்கே திருப்பினார் பென்னிகுயிக். கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் விளைவது அந்தப் புண்ணியத்தில். பிறந்தநாள் ஜனவரி 15. வெள்ளைக்காரர் என்றாலும் பொங்கல் பார்த்துப் பிறந்திருக்கிறார்!

தேனி மாவட்டத்தில் எத்தனை பேர் இருக்கிறோம்?
- மாணவி, பெரியகுளம்

2011 கணக்கெடுப்பின்படி 12,45,899. அதற்கடுத்த வருஷம் பிறந்தவனுக்கு மீசை அரும்பிவிட்டது. இந்த எண்ணிக்கையில் அவன் கிடையாது.

நம் மாவட்டத்தின் பிரபலமான விலங்கு எது?
- வாசகர், கம்பம்

கம்பத்தில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது? மேகமலையில் புலி உண்டு, சாம்பல் நிற அணில் உண்டு; 2021-ல் புலிகள் காப்பகமே வந்தாயிற்று. ஆனாலும் 2023 மே மாதம் உங்கள் தெருவுக்குள் நடந்து வந்து, 144 போட வைத்தது அரிக்கொம்பன் யானைதான். எந்தத் தலைவருக்கு ரோடு இவ்வளவு காலியாக இருந்தது?

குவாத்தமாலா என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது? எங்கள் வியாபாரத்தில் ஏன் மூக்கை நுழைக்கிறது?
- ஏலக்காய் வியாபாரி, போடி

மெக்ஸிகோவுக்குத் தெற்கே. உறவு முறையில் பங்காளி. நூறு வருஷத்துக்கு முன் ஒரு ஜெர்மன் காபித் தோட்டக்காரர் நம் நாட்டு ஏலத்தை அங்கே கொண்டுபோய் நட்டார். மலைச்சரிவு, மேகம், மே முதல் அக்டோபர் வரை மழை. செடிக்கு ஊர் மாறியதே தெரியவில்லை. இன்று ஏற்றுமதியில் உலகத்தில் முதலிடம். அந்த ஊர்க்காரர்கள் ஒரு காயைக்கூட வாயில் போடுவது அபூர்வம். பெரும்பகுதி அரபு நாட்டுக் காபிக்குப் போகிறது. அங்கே விளைச்சல் படுத்தால் இங்கே விலை எழுந்திருக்கும். அவர்களுக்கு மழை பெய்யட்டும் என்று வேண்டிக்கொள்ள போடியில் ஒரு நல்ல மனசு உண்டா?

குவாத்தமாலாவில் வேறென்ன விசேஷம்?
- வாசகி, உத்தமபாளையம்

தாஹுமுல்கோ, 4,220 மீட்டர், எரிமலை. நம் பக்கத்து ஆனைமுடி 2,695 மீட்டர்தான். குள்ளம், ஆனால் கோபக்காரன் இல்லை. தேசியப் பறவை கெட்சால். பணத்துக்கும் அதே பெயர். பறந்துவிடும் என்று தெரிந்தே வைத்திருக்கிறார்கள்.

கடையில் நல்ல ஏலக்காயைக் கண்டுபிடிப்பது எப்படி?
- குடும்பத் தலைவி, சின்னமனூர்

காயை உரித்துப் பாருங்கள். விதை கறுப்பாய்ப் பிசுபிசுத்து, வாசனை மூக்கில் ஏறினால் வாங்கலாம். வெளுத்துக் காய்ந்திருந்தால் வேண்டாம். கடைக்காரரிடம் மட்டும் எந்த ஊர்க் காய் என்று கேட்காதீர்கள். அவர் கடையில் எல்லாமே போடிதான்.