'இருக்குமோ' சார்

எல்லா ஆபீஸிலும் ஒரு 'இருக்குமோ' சார் உண்டு. எங்கள் சார் ஒருநாள் காலையில் மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கை அனுப்பினார். 'ஓகே' என்று பதில் வந்தது. வேறு யாராவது என்றால் நிம்மதியாக டீ குடிக்கப் போயிருப்பார்கள். சாரும் வந்தார், ஃபோனை என் மூக்குக்கு நேரே நீட்டியபடி.

"பாருங்க, எப்பவும் 'ஓகே சார்'னு போடுவார். இன்னைக்கு 'சார்' இல்ல. கோபமா இருக்குமோ?"

மதியச் சாப்பாட்டுக்குள் கோபம் உறுதியாகிவிட்டது. மூன்று மணிக்கு மெமோ. மின்சார ரயில் தாம்பரம் தாண்டுவதற்குள் வேலை போய்விட்டது. கூடுவாஞ்சேரியில் இறங்கும்போது, தவணை கட்டாத வீட்டுக் கதவில் பேங்க்காரர்கள் நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மகளின் கல்யாணம் நின்றுபோனது. மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள். "தூங்கலையாங்க?" என்று வீட்டம்மா கேட்டால், "சும்மா யோசிச்சிட்டிருக்கேன்" என்பார். அந்த 'சும்மா'வுக்குள் ஒரு குடும்பமே நடுத்தெருவில் நிற்கிறது!

"யோசிக்காதீங்க சார்" என்று ஆளாளுக்கு அறிவுரை. மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்பதுபோலத்தான். அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987இல் வெளியிட்ட ஆய்வில் குரங்குக்குப் பதில் வெள்ளைக் கரடி. கரடியை நினைக்கக் கூடாது, நினைப்பு வந்தால் மணி அடிக்க வேண்டும் என்று மாணவர்களிடம் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

ஒரு கட்டத்தில் எங்கள் கேலி நின்றது. இரண்டு வாரமாகச் சாருக்குச் சரியான தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, டீக்குக் கூப்பிட்டாலும் வரவில்லை. வீட்டம்மா யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டிருக்கவில்லை. 14416க்கு, அதாவது டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு, ஃபோன் போட்டார். மத்திய அரசு 2022இல் தொடங்கியது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். பிறகு டாக்டரிடமும் கூட்டிப்போனார்.

சார் ஒரு நோட்டோடு திரும்பினார். 1960களில் மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய சிகிச்சை வழியில் வந்த வீட்டுப்பாடம் அது. மனதில் வந்த நினைப்பை எழுத வேண்டும். அதற்கு ஆதாரம் ஒரு பக்கம், எதிர் ஆதாரம் மறுபக்கம். சார் ஆதாரத்துக்கு அடிஷனல் ஷீட் இணைத்திருந்தார். எதிர்ப்பக்கத்தில் ஒரே வரி: 'அவசரத்தில் இருந்திருக்கலாம் (சந்தேகம்)'.

"சந்தேகம்னா நேரா போய்க் கேட்டுடுங்க" என்றாராம் டாக்டர். பொறுமைசாலி.

கேட்டேவிட்டார். "எந்த ஓகே?" என்றார் மேனேஜர். பழைய மெசேஜைத் தேடிக் காட்ட வேண்டியிருந்தது. "ஓ, இதுவா? கிண்டி சிக்னல்ல நின்னுட்டிருந்தேன் சார். பச்சை விழுந்துடுச்சு."

இதை டீக்கடையில் வைத்தே நோட்டில் ஏற்றி, அடிக்கோடும் போட்டார் சார். பாதி டீயில் டம்ளர் அப்படியே நின்றது.

"சிக்னல்ல ஃபோனை நோண்டியிருக்காரே, போலீஸ் பிடிச்சிருக்குமோ?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சிரித்துவிட்டு, ரெண்டு மசால் வடை சொன்னார்.