நாடாவுக்கு மேலே, நாடாவுக்குக் கீழே

பாவாடை நாடாவை எங்கே கட்டுவது என்பது எனக்குத் தினமும் காலையில் எழும் கேள்வி. வயிற்றுக்கு மேலே கட்டினால் இவளுக்கு ஏழு மாசம் என்று ஊர் நம்பும். கீழே கட்டினால் வயிறு நாடாவைத் தாண்டி வந்து, இன்றைக்கு என்ன சமையல் என்று எட்டிப் பார்க்கும். ஆகவே இரண்டு கையாலும் அள்ளி, மடித்து உள்ளே தள்ளி, அது சுதாரிப்பதற்குள் மூச்சைப் பிடித்து முடிச்சுப் போட்டுவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் ஒரு பக்கம் பிதுங்கிவிடும். இவ்வளவையும் முடித்து, மடிப்புக்குள் வேர்க்குரு பவுடரையும் தட்டி, புடவையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தால், "உடம்பை நல்லா வெச்சிருக்கீங்க" என்பார்கள். புடவையைக் கண்டுபிடித்தது யாராக இருந்தாலும் இரண்டு பிள்ளையாவது பெற்றவராகத்தான் இருக்க வேண்டும்.

மூத்தவள் பிறந்தபோது என் வயிறு வந்த வழியே ஒழுங்காகத் திரும்பிப் போனது. அடுத்தது இரட்டையர். இருவரும் சேர்ந்து ஐந்து கிலோவுக்கு மேல். பனிக்குட நீர், நஞ்சு எல்லாம் தனிக் கணக்கு. தோல் பாவம், நீளும் மட்டும் நீண்டு கொடுத்தது. பிறகு சுருங்க மறந்துவிட்டது. தோலுக்குள் இருக்கும் நார்கள் ஓர் அளவுக்கு மேல் இழுபட்டு அறுந்துவிட்டால் பழையபடி கூடாதாம். அப்படி அறுந்த இடங்கள்தான் வெள்ளி வெள்ளியாக என் அடிவயிறு முழுக்க ஓடுகின்றன.

திருச்சிக்காரிக்கு இதையெல்லாம் முறையிட ஒரு சாமி இருக்கிறார். மலைக்கோட்டைத் தாயுமானவர். காவிரியில் வெள்ளம் வந்து அம்மாக்காரி அக்கரையிலேயே நின்றுவிட, ரத்னாவதிக்கு அவள் அம்மா உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தவர். நானும் வாழைத்தார் வேண்டிக்கொண்டு, பிள்ளைகள் நலமாகப் பிறந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தவள்தான். ஆனால் அந்தக் கதையைக் கவனித்துப் பாருங்கள்: வெள்ளம் வடிந்து நிஜ அம்மா வந்து சேர்ந்ததும் சுவாமி மறைந்துவிடுகிறார். பிரசவத்தோடு டியூட்டி முடிந்தது. வயிற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. இன்னும் கொஞ்சம் படி ஏறினால் உச்சிப் பிள்ளையார். அவரிடம் போய் இந்தக் கோரிக்கையை வைக்க எனக்கே கூச்சமாக இருந்தது.

வீட்டில் இதற்கு வேறு விளக்கம் உண்டு. "ஒழுங்கா வயிறு கட்டியிருந்தா இது வந்திருக்குமா?" என்பார் அத்தை. என் அம்மா, அப்பாவின் பழைய எட்டு முழ வேட்டியைக் கிழித்து இறுக்கித்தான் கட்டினார். ஆனால் சிசேரியன் தையல் ஆறிய பிறகு. அந்த இடைப்பட்ட காலத்தில்தான் வயிற்றுக்குள் காற்றுப் புகுந்துவிட்டது என்பது அத்தையின் கட்சி. "நாங்க கட்டித்தான் அனுப்பினோம், அங்க போய் அவுத்திருப்பா" என்பது அம்மாவின் கட்சி. துணிக் கட்டு இடுப்புக்குத் தெம்பு தரும், தோலைச் சுருக்காது என்று பிறகு டாக்டர் சொன்னதை நான் இரண்டு தரப்புக்கும் சொல்லவில்லை. சம்பந்திகளுக்குப் பேசிக்கொள்ள வேறு விஷயம் கிடையாது.

இப்படியே காலம் போயிருக்கும். ஒரு நாள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் போகும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினேன். அன்றைக்கென்று சுடிதார். ஒரு கல்லூரிப் பெண் சட்டென்று எழுந்து, "உட்காருங்கக்கா" என்றாள். உட்கார்ந்தேன். "எத்தனாவது மாசம்க்கா?" என்றாள். நல்ல கூட்டம், கிடைத்த சீட்டை விடலாமா? "அஞ்சு" என்றேன். சொன்ன பிறகு சும்மா உட்கார முடியாது. ஸ்ரீரங்கம் வரை ஒரு கையை இடுப்பில் ஊன்றி, அவ்வப்போது பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்தேன். பக்கத்தில் நின்ற என் இரட்டையர் இதைக் கேட்டுக்கொண்டே வந்தார்கள் என்பது அன்றிரவு சாப்பிட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. "பாட்டி, அம்மாவுக்குப் பாப்பா வரப் போவுது." அத்தையின் கையில் இருந்த கரண்டி நின்றது. என் வீட்டுக்காரர் ரசத்தில் புரையேறிப் போனார். அதற்கு மறுநாள்தான் ஆபரேஷன் என்ற வார்த்தை எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பேசப்பட்டது.

நான் தீர்மானமாக இருந்தேன். தழும்பு தெரியக் கூடாது. வலிக்கக் கூடாது. காலையில் போனால் ஸ்கூல் வேன் வருவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும். பீரோ லாக்கரைத் திறக்காமல் செலவு முடிய வேண்டும். பக்கத்துத் தெரு அழகு நிலையத்தில் கொழுப்பை உறைய வைத்தே கரைத்துவிடுவதாகச் சொன்னார்கள். என் தோழி லிப்போ என்றாள். குழாயை விட்டு உறிஞ்சிவிடுவார்களாம், பொட்டு அளவுதான் ஓட்டையாம். எனக்கு மனசுக்குள் லிப்போ நிச்சயமாகிவிட்டது.

தில்லைநகரில் தெருவுக்கு நாலு டாக்டர். பலகையில் வெறும் 'காஸ்மெடிக்' என்று எழுதியிருந்தவர்களையெல்லாம் தாண்டி, எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி படித்த ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். பட்டத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டும் விவரம் எனக்கு உண்டு. மற்ற விவரமெல்லாம் அவரிடம்தான் இருந்தது.

நிற்கச் சொன்னார், உட்காரச் சொன்னார். பிறகு ஆற்றில் குதிக்கப் போகிறவர்கள் மாதிரி இடுப்பை வளைத்து முன்னால் குனியச் சொன்னார். குனிந்தேன். அவ்வளவு நாளாக நாடாவுக்குள் அடக்கி ஒடுக்கி வைத்திருந்ததெல்லாம் விடுதலையாகித் தொங்கியது. என் வீட்டுக்காரர் சுவரில் இருந்த காலண்டரில் ராகுகாலம் பார்க்கத் தொடங்கினார். அடுத்து மல்லாக்கப் படுக்க வைத்து, தலையை மட்டும் தூக்கச் சொல்லி, தொப்புளுக்கு மேலே விரல்களை அழுத்தினார். மூன்று விரல் அப்படியே உள்ளே இறங்கியது. வயிற்றின் நடுவில் மேலிருந்து கீழாக ஓடும் இரண்டு தசைப் பட்டைகள் கர்ப்பத்தில் விலகிக் கொடுக்குமாம். பெரும்பாலோருக்குப் பிரசவத்துக்குப் பிறகு கிட்டே வந்துவிடும். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் நின்றுவிட்டால் விலகல் என்று கணக்கு. எனக்கு மூன்று. பரீட்சையில் கூட நான் கேட்டதற்கு மேல் எழுதியதில்லை.

"இருமுங்க" என்றார். இருமினேன். "ஹெர்னியா இல்லை, நல்லது."

"என்ன பண்ணிக்கிறதா இருக்கீங்க?" என்று கேட்டார். "லிப்போ" என்றேன், ஸ்வீட் ஸ்டாலில் ஆர்டர் சொல்கிற தோரணையில்.

"லிப்போ கொழுப்பைத்தான் எடுக்கும். உறைய வைக்கிறதும் அதேதான். உங்களுக்கு மிச்சம் நிக்கிறது தோலு. உள்ள இருக்கிற கொஞ்சத்தையும் எடுத்துட்டா இன்னும் தொங்கும். ரவிக்கை தொளதொளன்னு இருந்தா பிடிச்சுத் தைக்கணும், துவைச்சா சரியாகுமா?"

உடற்பயிற்சி? வயிற்றின் ஆழத்தில் இருக்கும் தசைக்குப் பயிற்சி கொடுத்தால் விலகல் பலருக்குக் குறையும், முதலில் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள் என்று அவரே சீட்டு எழுதிக் கொடுத்தார். தோலுக்கு மட்டும் எந்தப் பயிற்சியும் கிடையாதாம். அப்படியென்றால் இருப்பதற்குள் சின்ன ஆபரேஷன் எது என்றேன். இருக்கிறது: தொப்புளுக்குக் கீழே மட்டும் தொய்ந்தவர்களுக்கு மினி. வெட்டும் சிறியது, தொப்புளும் இடம் மாறாது. "அதுவே போதும் டாக்டர்" என்றேன். "போதும்னு உங்க வயிறு சொல்லணும்" என்றார். என்னுடையது தொப்புளுக்கு மேலேயும் தொய்ந்து, தசையும் விலகியது; அதற்கு முழு அப்டமினோபிளாஸ்டிதான். நூறு கிலோவிலிருந்து இளைத்து, வயிறு தொடைவரை தொங்குகிறவர்களுக்கு, தொங்குவதை மட்டும் வெட்டியெடுக்கும் இன்னொரு வகை உண்டு; அதில் தசையைத் தொடமாட்டார்கள். அதற்கு நான் லாயக்கில்லை என்று சொன்னபோது கொஞ்சம் பெருமையாக இருந்தது.

முழுசில் என்ன செய்வார்கள் என்றால், ஓர் இடுப்பெலும்பிலிருந்து மறு இடுப்பெலும்புவரை அடிவயிற்றில் கீறி, தோலை விலாவரை கிளப்பி, விலகிய தசைகளை நடுவில் இழுத்துத் தைத்து, தோலைக் கீழே இழுத்து, மிஞ்சியதை வெட்டிவிடுவார்கள். பழைய சிசேரியன் தழும்பு அதோடு போய்விடும். தொப்புளுக்குக் கீழே இருக்கும் வெள்ளிக் கோடுகளும் போகும். மேலே இருப்பவை போகாது, இறங்கி வந்து குடியிருக்கும். எனக்குத் திகைப்பு தொப்புளில்தான். அது தசையோடு ஒட்டி நின்ற இடத்திலேயே நிற்குமாம். இழுத்த தோலில் புதிதாகத் துளை போட்டு, அதன் வழியாக வெளியே எடுத்துத் தைப்பார்களாம். எங்கே துளை போடுவது என்பதில்தான் கைத்திறமையே இருக்கிறதாம். 'சின்னக் கவுண்டர்' படம் வந்த 1992-ல் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அதில் வருவதுபோலத் தொப்புளில் பம்பரம் விடும் அளவுக்கெல்லாம் எனக்கு ஆசையில்லை, நடுவில் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டேன்.

"இன்னொரு குழந்தை பெத்துக்கிற எண்ணம் உண்டா? உண்டுன்னா இப்ப வேண்டாம், தைச்சதெல்லாம் வீணாயிடும்." நானும் என் வீட்டுக்காரரும் ஒரே நேரத்தில் "இல்லை" என்றோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒரே குரலில் சொன்ன முதல் பதில். தாய்ப்பால் நிறுத்தியிருக்க வேண்டும், எடை ஏறாமல் இறங்காமல் சில மாதம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும் என்பவையெல்லாம் மற்ற நிபந்தனைகள்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு வழக்கம். மிக்ஸி வாங்கினாலும் முதல் மிக்ஸியைச் செய்தது யார் என்று படித்துவிட்டுத்தான் கடைக்கு வருவார். இதையும் படித்துவிட்டார். 1899-லேயே அமெரிக்காவில் பால்டிமோரில் ஹோவர்ட் கெல்லி என்ற பெண்கள் நோய் மருத்துவர் இப்படித் தொங்கும் வயிற்றைக் குறுக்காக வெட்டியெடுத்து எழுதியிருக்கிறாராம். பிரேசிலின் ஈவோ பிட்டாங்கி 1967-ல் 300 பேருக்குச் செய்த அனுபவத்தை வெளியிட்டாராம். "நூறு வருஷத்துக்கு மேல ஆன விஷயம், பயப்படாதே" என்று எனக்குத் தைரியம் சொன்னார். படித்தவர் பின்விளைவுகள் பக்கத்தையும் படித்ததால் அவருக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை.

அதை மட்டும் டாக்டரம்மா சிரிக்காமல் சொன்னார். ரத்தம் கட்டலாம், நீர் கோத்துக்கொள்ளலாம், அதற்காகக் குழாய் வைத்து வடிய விடுவார்கள். தையல் ஓரம் ஆறாமல் போகலாம். புகைப்பவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம், பல வாரம் முன்பே நிறுத்தியாக வேண்டும். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் வலித்தாலும் சீக்கிரமே எழுப்பி நடக்க விடுவார்கள். அடிவயிறு மாதக்கணக்கில் மரத்திருக்கும். தழும்பு நிச்சயம், உள்ளாடைக்குள் மறையும், அழியாது. ஜுரத்துக்கு மாத்திரை வாங்குவது போல நினைத்துக்கொண்டு வராதீர்கள் என்றார். நான் ஸ்கூல் வேனைப் பற்றிப் பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

அடுத்தது காசு. எங்கள் குடும்ப மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். விலக்குகள் பட்டியலில் எக்ஸ்க்ல் 08: காஸ்மெடிக் அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி. அதாவது விபத்து, தீக்காயம், புற்றுநோய் என்று காரணம் இருந்தால் ஒழிய அழகுக்குக் காசு கிடையாது. மருத்துவத்துக்கு உள்ள ஜி.எஸ்.டி. விலக்கும் இதற்கு இல்லை. அரசாங்கக் கணக்கில் என் வயிறு ஆடம்பரம். ஹெர்னியா என்றால் காத்திருப்புக் காலம் முடிந்ததும் பணம் வரும். அதைப் படித்த பிறகு குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, தொப்புளில் கையை வைத்து நன்றாக இழுத்து இருமிப் பார்த்தேன். ஒன்றும் புடைக்கவில்லை. வாழ்க்கையில் ஒரு நோய் இல்லையே என்று நான் வருத்தப்பட்டது அன்றைக்குத்தான்.

இதெல்லாம் ஒரு பக்கம். வீட்டை உலுக்கியது வேறு. தைத்த தசை இழுக்கும் என்பதால் முதல் வாரம் கூன் போட்டுத்தான் நடக்க வேண்டும். சுமார் ஆறு வாரத்துக்கு இறுக்கமான பெல்ட். அந்த ஆறு வாரமும் கனம் தூக்கக் கூடாது. இந்தக் கடைசி வரியை நான் சாப்பாட்டு நேரத்தில் அறிவித்ததும் ஒரு நிசப்தம். கத்தி, மயக்க ஊசி, நுரையீரல் என்று சொன்னபோதுகூட யாரும் இவ்வளவு கலங்கவில்லை. "கனம்னா?" என்றார் வீட்டுக்காரர். கிரைண்டர் கல், குக்கர், தண்ணீர்க் கேன், நனைந்த போர்வை, கேஸ் சிலிண்டர் என்று விரல் விட்டேன். "அப்ப தோசை?" என்றான் இரட்டையரில் ஒருவன். "புடவை கட்டினா யாருக்குத் தெரியப் போவுது?" என்று அத்தை முதன்முறையாக என் அழகை ஆதரித்துப் பேசினார்.

மாதம் பார்க்க உட்கார்ந்தோம். பங்குனியில் மூத்தவளுக்குப் பப்ளிக் எக்ஸாம். சித்திரை, வைகாசி திருச்சி வெயிலில் ராப்பகலாக பெல்ட் கட்டினால் தையல் ஆறுவதற்கு முன்னால் நான் வெந்துவிடுவேன். ஆடியில் நல்ல காரியம் கூடாது. இது நல்ல காரியமா என்பதிலேயே அத்தைக்கும் எனக்கும் அபிப்பிராய பேதம். ஐப்பசியில் தீபாவளி. மார்கழியை நினைக்கவே வேண்டாம். ஸ்ரீரங்கத்தில் வீடு இருந்தால் வைகுண்ட ஏகாதசிக்கு எத்தனை சொந்தக்காரர்கள் முளைப்பார்கள் என்பது இங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். அத்தனை பேருக்கும் நான் கூனிக்கொண்டு காபி கொடுத்தால் பெருமாளுக்கே பொறுக்காது. கடைசியில் புரட்டாசி. கறி, மீன் கிடையாது என்பதால் சமையல் பாதி. காலாண்டு லீவும் சேர்ந்து வரும். நாங்கள் கொலு வைக்கிற வழக்கம் இல்லாதவர்கள். மாவு கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று தீர்மானம் நிறைவேறியது.

தேதி வாங்கப் போனபோது என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, "டாக்டர், என்னோடதையும் ஒரு வார்த்தை..." என்று சட்டையைத் தூக்கினார். அவருக்கு ஒரு பிரசவமும் ஆனதில்லை. ஆனால் பார்த்தால் நான் பஸ்ஸில் சொன்ன ஐந்து மாதத்தைத் தாண்டியிருக்கும். டாக்டரம்மா கிள்ளிப் பார்த்தார். கையில் பிடிபடவே இல்லை, கடப்பைக் கல் மாதிரி கிண்ணென்று இருந்தது. "தோல் நல்லாத்தான் இருக்கு சார். கொழுப்பு குடலைச் சுத்தி உள்ள இருக்கு. அங்க லிப்போ குழாயும் போகாது, கத்தியும் போகாது. சுகர் பாருங்க, சோத்தைக் குறைங்க, நடங்க." ஃபீஸ் வாங்கவில்லை. அதுதான் அவருக்கு ரொம்ப அவமானமாகிவிட்டது.

இப்போது விடிகாலையில் எழுந்து அம்மா மண்டபம் வரை போய்த் திரும்புகிறார். ராத்திரி இரண்டு சப்பாத்தி. நான் எடை மாறாமல் நிற்க வேண்டும் என்பதால் அவர் தட்டில் மிஞ்சுவதைக்கூடத் தொடுவதில்லை. அவருக்கோ பேண்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியதாகிவிட்டது. போன வாரம் மாடி வீட்டு மாமி என்னை நிறுத்தி, மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏம்மா, சார் இப்படி இளைச்சுப் போயிட்டாரே, வீட்டுல எல்லாத்தையும் நீயே சாப்பிட்டுடறியா?" என்றார்.