சேப்பாக்கத்துச் சந்தேகங்கள்

சென்னைப் பல்கலைக்கழகத்தைப் பற்றி, அதிலும் அதன் கலைத்துறைகளைப் பற்றி, கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கார்டுகளில் பாதி பொறியியல் பட்டதாரிகள் எழுதியவை. ஏக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அம்பத்தூர் வாசகர்: பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய என் மகள் பி.ஏ. வரலாறுதான் படிப்பேன் என்கிறாள். சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: கலெக்டர் ஆகப்போகிறாள் என்று சொல்லுங்கள். நம் ஊரில் வரலாறு படிப்பவர்களை அந்த ஒரு காரணத்துக்காகத்தான் மன்னிக்கிறார்கள். ஆகாவிட்டால்? கவலை வேண்டாம். அதற்குள் அவர்கள் அவள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்திருப்பார்கள்.

சேலம் வாசகர்: பி.ஏ. படித்தால் என்ன வேலை கிடைக்கும்? நேரடியாகச் சொல்லவும்.

பதில்: இந்தக் கேள்விக்குப் பல்கலைக்கழகத்தின் வயதே ஆகிறது. 1857 செப்டம்பரில் அது தொடங்கியது. அதன் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இரண்டே பேர், இருவரும் யாழ்ப்பாணத்தார். ஒருவர் சி.வை. தாமோதரம்பிள்ளை. மற்றவர் அவருடைய ஆசிரியர் விசுவநாதபிள்ளை. மாணவருக்கு முதலிடம், ஆசிரியருக்கு இரண்டாமிடம் என்று சொல்வார்கள். அதன் பிறகு யாருக்கு யார் முதலில் வணக்கம் சொன்னார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

தாமோதரம்பிள்ளை பத்திரிகை பார்த்தார், கணக்கு இலாகாவில் இருந்தார், சட்டம் படித்தார், புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். சம்பளத்துக்குச் செய்தவை இவை. சம்பளம் தராத வேலை ஒன்றும் வைத்திருந்தார். ஊர் ஊராக ஏடு தேடி, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு, பிழை பார்த்து அச்சுக்குக் கொடுப்பது. 1881இல் வீரசோழியம், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை. அவர் பார்த்த கணக்குகளை இன்று யாரும் தேடுவதில்லை. கலித்தொகையைத் தேடுகிறார்கள். வேலை கிடைக்குமா என்றால் கிடைக்கும். எந்த வேலைக்காக உங்களை நினைவு வைத்திருப்பார்கள் என்பதுதான் முன்கூட்டித் தெரியாது.

தாம்பரம் மாணவர்: பல்கலைக்கழகம் ஆரம்பத்தில் பாடமே நடத்தவில்லையாமே?

பதில்: நடத்தவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்தது. பாடம் கல்லூரிகளின் பாடு. தேர்வு வைத்துப் பட்டம் கொடுப்பது மட்டும் இவர்கள் வேலை. 1914இல்தான் இந்திய வரலாறு, தொல்லியலுக்கு எனத் துறை வந்து, எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் முதல் பேராசிரியராக உட்கார்ந்தார். ஆக, 57 ஆண்டுகள் தேர்வு மட்டும். இன்றும் சில மாணவர்கள் தேர்வு நாளில் மட்டும் தலைகாட்டுவதை மரபைக் காப்பாற்றுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மயிலாப்பூர் வாசகி: மாட்ச் நாளில் வகுப்பு நடக்குமா?

பதில்: நடக்கும். போர்க்களப் பாட்டு நடத்தும்போது ஆரவாரம் பக்கத்து கிரிக்கெட் ஸ்டேடியத்திலிருந்து இலவசமாக வரும். துறைத்தலைவரைக் காணவில்லை என்றால் கேலரியில் தேடாதீர்கள். கமிட்டி மீட்டிங்கில் இருப்பார்.

திண்டிவனம் வாசகர்: ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டு ஃபேனுக்குக் கீழே தூங்குகிறார்கள். மக்களுக்கு ஒரு பிரயோஜனம் உண்டா?

பதில்: தூங்குகிறவர்கள் உண்டு. நீங்கள் திண்டிவனத்துக்காரர் என்பதால் உங்கள் பக்கத்துக் கதையே சொல்கிறேன்.

1915இல் கில்பர்ட் ஸ்லேட்டர் என்பவர் பொருளியல் பேராசிரியராக இங்கே வந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர்களுக்காக நடந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். மாணவர்கள் ஆங்கிலேயப் பாடப்புத்தகத்தை ஒப்பிப்பதைப் பார்த்துவிட்டு அவர் செய்த காரியம் எளிமையானது. விடுமுறையில் சொந்த ஊருக்குப் போகிறாய் அல்லவா, இந்தக் கேள்விகளையும் எடுத்துக்கொண்டு போ. ஊரில் எத்தனை ஏக்கர், யாருடையது, யாருக்கு எவ்வளவு கடன், கூலி நெல்லா காசா, எத்தனை மரக்கால்? பையன்கள் கேட்டு எழுதி வந்தார்கள். 1918இல் அது புத்தகமானது. அந்த ஊர்களில் ஒன்று இன்றைய விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டு.

விஷயம் அதோடு முடியவில்லை. 1930களில் அதே பல்கலைக்கழகத்தின் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள். 1980களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டுக்குப் போனார்கள். 2008இல் இன்னொரு குழு. ஒரே ஊரை ஒரு நூற்றாண்டு நெடுக விசாரித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். முதலில் போனபோது நிலம் வைத்திருந்த பெரிய குடும்பத்தின் பிடியில் ஊர் இருந்தது. கடைசியாகப் போனபோது அந்தப் பிடி தளர்ந்து, வயலுக்கு வெளியே வேலை தேடுகிறவர்கள் பெருகியிருந்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமம் மாறிவிட்டது, மாறவில்லை என்று டிவியில் இரண்டு பேர் கத்தும்போது, எடுத்துப் பார்க்க இப்படிச் சில ஊர்க் கணக்குகள் இருக்கின்றன. விடுமுறையில் வீட்டுக்குப் போன மாணவர்கள் ஆரம்பித்து வைத்தது. செலவு ரயில் டிக்கெட்டும் நோட்டுப் புத்தகமும்தான்.

உங்கள் பக்கத்து வீட்டுப் பெண் லீவுக்கு வந்து, உங்களுக்கு எவ்வளவு கடன் மாமா என்று கேட்டால் கோபப்படாமல் சொல்லுங்கள்.

கோடம்பாக்கம் வாசகர்: தேசியக் கருத்தரங்கம், சர்வதேசக் கருத்தரங்கம்: வித்தியாசம் என்ன?

பதில்: மதியச் சாப்பாட்டில் ஐஸ்கிரீம்.

விருதுநகர் வாசகி: கணக்கு படித்த நான் மொழி, நூலகம் என்று இந்தப் பக்கம் வரலாமா? சிரிப்பார்களா?

பதில்: எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்கு வாத்தியார். 1924இல் பல்கலைக்கழக நூலகரானார். சேர்ந்த சில நாளிலேயே சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல், என் பழைய வேலையே போதும் என்று மாநிலக் கல்லூரி முதல்வரிடம் போய் நின்றாராம். லண்டன் போய்ப் படித்துவிட்டு வா, அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தார்கள். அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மை செட்டைப் பார்த்தார். அதே துண்டுகளை வேறு வேறு விதமாகப் பூட்டி வேறு வேறு சாமான் செய்வது அவர் கண்ணில் பட்டது. புத்தகங்களையும் இப்படிப் பகுக்கலாமே என்று தோன்றியதுதான் 1933இல் கோலன் பகுப்பு முறையாக வெளிவந்தது. 1931இலேயே நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதிவிட்டார். உலகமெங்கும் நூலகப் படிப்பில் அவை பாடம். இதைக் கணக்கு வாத்தியார் அல்லாமல் வேறு யார் செய்திருப்பார்?

அகராதியை எடுத்துக்கொண்டாலும் அதே கதை. 1926இல் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் அகராதிக்குப் பதிப்பாசிரியராக வந்த எஸ். வையாபுரிப்பிள்ளை அதற்கு முன் வக்கீல். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்து பழகிய ஆள் சொல்லுக்குச் சான்று கேட்டால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தைரியமாக வாருங்கள். சிரிப்பவர்கள் சிரித்து முடிக்கட்டும்.

ஈரோடு வாசகர்: அந்த அகராதிக்கு மக்கள் பணம் எவ்வளவு வீணானது?

பதில்: நீங்கள் ஆடிட்டரா? 1913இல் வேலை தொடங்கியபோது மதிப்பீடு 1 லட்சம் ரூபாய். முடிந்தபோது ஏறக்குறைய 4,10,000. அச்சு மட்டும் 1924 முதல் 1939 வரை, பின்னிணைப்போடு ஏழு தொகுதி, 1,24,405 சொற்கள். சொல்லுக்கு மூன்றேகால் ரூபாய் சொச்சம். அன்றைக்கு அது பெரிய தொகைதான். ஆனால் மதிப்பீட்டைப் போல நான்கு மடங்கு செலவாகி, மழை வந்ததும் காணாமல் போகாத அரசுப் பணி ஒன்று சொல்லுங்கள், அடுத்த இதழில் போடுகிறேன்.

அண்ணா நகர் வாசகர்: சைவ சித்தாந்தம், வைணவம், கிறித்தவம், இஸ்லாம், சமணம் எல்லாவற்றுக்கும் ஒரே பல்கலைக்கழகத்தில் துறை இருக்கிறதாம். சண்டை வராதா?

பதில்: இடம், நிதி, காலிப் பணியிடம் மூன்றிலும் எல்லாச் சமயங்களுக்கும் ஒரே கருத்து: போதாது.

பெரம்பூர் வாசகர்: துணைவேந்தரே இல்லாமல் இருந்ததாமே. எப்படி நடந்தது?

பதில்: ஏ. லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டு அந்த நாற்காலியில் இருந்தார். 2023 ஆகஸ்டில் அதே நாற்காலி காலியானது. தேடல் குழுவில் யார் யார் இருக்க வேண்டும் என்பதில் ஆளுநருக்கும் அரசுக்கும் ஒத்துப்போகவில்லை. ஒருங்கிணைப்புக் குழு கோப்புகளைப் பார்த்துக்கொண்டது. இதற்கிடையே 2024 தொடக்கத்தில் வருமான வரித் துறை வங்கிக் கணக்குகளை முடக்கியது. அவர்கள் சொன்ன காரணத்தைக் கேளுங்கள்: மொத்த வரவில் மாநில அரசு கொடுப்பது பாதிக்கும் குறைவு, ஆகவே அரசு நிறுவனம் என்ற வரிவிலக்கு இல்லை. மக்கள் பணத்தைத் தின்கிறார்கள் என்று நாம் திட்டுகிறோம், மக்கள் பணம் போதாமல் இருப்பதற்காக அவர்கள் வரி கேட்கிறார்கள். இந்த நகைச்சுவையை என்னால் மேம்படுத்த முடியாது.

வேலூர் கௌரவ விரிவுரையாளர்: என் பதவியில் கௌரவம் எங்கே இருக்கிறது?

பதில்: பெயர்ப்பலகையில். யுஜிசி 2019இல் மாதம் 50,000 வரை தரலாம் என்றது. அரசுக் கல்லூரிகளில் உங்கள் தோழர்கள் கையில் வாங்குவது அதில் பாதி. மே மாதம் வந்தால் அதுவும் இல்லை. கல்வித் தரம் குறைந்துவிட்டது என்று மேடையில் பேசுகிறவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். மேடைக்கு நாற்காலி எடுத்துப் போட்டவரும் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

புரசைவாக்கம் வாசகி: ஏஐ எழுதிய ஆய்வேட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சந்திப்பிழை ஒன்றுகூட இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். இல்லாத புத்தகத்தை மேற்கோள் காட்டியிருந்தால் சந்தேகம் வலுக்கும். ஆனாலும் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். இல்லாத புத்தகத்தை மேற்கோள் காட்டும் கலை ஏஐக்கு முன்பே இங்கே செழித்திருந்தது.

திருவல்லிக்கேணி வாசகர்: பல்கலைக்கழகத்துக்கு எதிரே முப்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். உள்ளே போனதே இல்லை. விடுவார்களா?

பதில்: இந்த வாரம் வந்த கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். பிஎச்.டி. பட்டத்துக்குக் கடைசிப் படி பொது வாய்மொழித் தேர்வு. வைவா என்பார்கள். பெயரிலேயே பொது இருக்கிறது. துறை வாசலில் அறிவிப்பு ஒட்டுவார்கள்: இன்ன தேதி, இன்ன அறை, தலைப்பு இது, அனைவரும் வருக. ஒட்டியவரைத் தவிர யாரும் அதை நம்புவதில்லை.

நீங்கள் நம்புங்கள். போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். முன்வரிசையில் பட்டுப்புடவையில் அம்மா, புதுச்சட்டையில் அப்பா, கைக்குழந்தையோடு அக்கா. பல வீடுகளில் முதல் பட்டமே இதுவாக இருக்கும். நெறியாளர் வரவேற்பார், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார், ஆய்வாளர் ஐந்து வருஷத்தை அரைமணியில் சொல்லி முடிப்பார். அப்புறம் அவையிலிருந்து கேள்வி கேட்கலாம் என்று அறிவிப்பார்கள். கனத்த அமைதி. பெரும்பாலும் சக ஆய்வாளர் ஒருவர் முன்பே பேசி வைத்த ஒரு கேள்வியைக் கேட்பார். அங்கேதான் நீங்கள் கையைத் தூக்க வேண்டும். தலைப்பு சென்னை மீனவர் வழக்காறோ கோயில் கல்வெட்டோ எதுவாக இருந்தாலும், முப்பது வருஷம் திருவல்லிக்கேணியில் வாழ்ந்தவருக்குக் கேட்க ஒரு கேள்வி இல்லாமல் போகாது. அறையே திரும்பிப் பார்க்கும். ஆய்வாளருக்கு ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கும், பிறகு முகம் மலரும். ஐந்து வருஷத்தில் வீட்டார், துறையார் அல்லாத ஒருவர் அவர் ஆய்வைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அதுவாக இருக்கலாம்.

முடிந்ததும் ஸ்வீட், காரம், டீ உண்டு. யாரும் உங்களை யார் என்று கேட்க மாட்டார்கள். கல்யாண வீடு மாதிரிதான்: பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் என்றும் நினைத்துக்கொள்வார்கள்.

காஞ்சிபுரம் ஆய்வாளர்: பிஎச்.டி. எத்தனை வருஷத்தில் முடிக்க வேண்டும்?

பதில்: 2022 யுஜிசி விதிப்படி குறைந்தது மூன்று, அதிகபட்சம் ஆறு. நடைமுறை விதிப்படி, நெறியாளர் ரிடையர் ஆவதற்குள்.

மதுரை வாசகர்: பேராசிரியர்கள் ஏன் யாருக்கும் புரியாமல் எழுதுகிறார்கள்?

பதில்: எல்லோருமா? மு. வரதராசன் சங்க இலக்கியத்தில் இயற்கையைப் பற்றி ஆராய்ந்து 1948இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வு ஆங்கிலத்தில். அதே கைதான் வாடகை நூலகங்களில் அட்டை கிழியக் கிழியப் படிக்கப்பட்ட நாவல்களையும் எழுதியது. பிறகு இங்கேயே தமிழ்த்துறைத் தலைவராகி, 1971இல் உங்கள் மதுரைக்குத் துணைவேந்தராகப் போனார். புரியும்படி எழுதினால் பதவி உயர்வு வராது என்கிற பயம் எந்த ஆண்டில் தொடங்கியது என்பதற்கு யாராவது ஆய்வேடு எழுதலாம். புரியும்படி.

குரோம்பேட்டை வாசகர்: வயது 61. வங்கியில் ஓய்வு பெற்றேன். எம்.ஏ. சேரலாமா? பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

பதில்: 1981 முதல் தொலைதூரக் கல்வி நிறுவனம் சேப்பாக்கத்தில் இருக்கிறது. சேருங்கள். தேர்வு அறையில் பக்கத்து பெஞ்சுப் பெண் உங்களை மேற்பார்வையாளர் என்று நினைத்து எழுந்து நிற்பாள், உட்காரச் சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை. முப்பத்தைந்து வருஷம் கையெழுத்து மட்டும் போட்டுப் பழகிய கை, மூன்று மணி நேரம் எழுதித் தீர வேண்டும். தினமும் நாலு பக்கம் எழுதிப் பழகுங்கள். பேனாவும் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றை அந்தப் பெண் கடன் கேட்பாள்.