சூதாடாமல் லாஸ் வேகாஸ்

கேள்வி: சூதாட்டத்தில் ஒரு காசும் இழக்க விரும்பாதவன் லாஸ் வேகாஸ் நகரில் மாலைப்பொழுதை எவ்விதம் கழிப்பது?

பதில்: நம்மைச் சூதாட்ட மண்டபத்துக்குள் இழுக்கும் பொருட்டு ஹோட்டல் முதலாளிகள் விரித்து வைத்திருக்கும் வைபவங்களை மாத்திரம் ஆனந்தமாக அநுபவித்துவிட்டு, பணப்பையைத் திறவாமல் திரும்பும் திடசித்தம் தங்களுக்கு இருக்குமாயின், அவ்வூரில் தங்களைக் காட்டிலும் பெரிய ஜெயசாலி எவரும் இலர். 1998-இல் திறக்கப்பெற்ற பெல்லாஜியோ ஹோட்டலின் முன்னுள்ள ஏரியில், இருட்டிய பின் கால் மணிக்கு ஒருமுறை, ஆயிரத்துக்கு மேற்பட்ட நீர்த்தாரைகள் சங்கீதத்துக்கு இசைந்து முதலில் இடை வளைத்து மெல்ல அசைந்து, திடீரென்று ஒருசேர வெடியோசையுடன் 400 அடிக்கும் மேலே எழும்பி, ஒரு கணம் நின்று, வெண்புகையாய்ச் சிதறி வீழ்வதை நடைபாதைக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபடி பார்ப்பதற்குச் சீட்டு இல்லை. முன்வரிசை, பின்வரிசை என்ற பேதமும் இல்லை. அதே ஹோட்டலின் முகப்புக் கூடத்து விதானத்தில் டேல் சிஹூலி என்னும் சிற்பி அமைத்த சுமார் 2,000 கண்ணாடிப் பூக்களை அண்ணாந்து ரசித்துவிட்டு, அடுத்துள்ள நந்தவனத்தில் பருவந்தோறும் மாற்றி வைக்கப்பெறும் மெய்ப்பூக்களையும் காணலாம். ஃபிளமிங்கோ ஹோட்டலின் தோட்டத்தில் பூநாரைகள் உண்டு. மிராஜ் ஹோட்டலின் செயற்கை எரிமலையோ 2024-இல் அணைந்துவிட்டது. இலவசந்தானே, பிறகு பார்க்கலாம் என்று ஒத்திப்போட்டவர்களுக்காக மனமார வருந்துகிறேன். காற்று பலமானால் பெல்லாஜியோ நீர்த்தாரைகளின் ஆட்டத்தையும் நிறுத்திவிடுவார்களாதலால், தாங்கள் இறங்கிய அன்றே ஏரிக்கரைக்குப் போய்விடுங்கள்.