காவலூர் வானமும் ஷோங்குவின் ராக்கெட்டும்

கேள்வி: ஜவ்வாது மலைக் காவலூரில் தொலைநோக்கி பார்த்துத் திரும்பும் பிள்ளைகளுக்கு, பலர் அறியாத அறிவியல் புனைகதைத் தொடர் ஏதும் உண்டா?

பதில்: சத்யஜித் ராயின் பேராசிரியர் ஷோங்கு கதைகள். 1961இல் 'சந்தேஷ்' என்ற வங்காளச் சிறுவர் இதழில் தொடங்கியவை. ராயைத் திரைப்பட இயக்குநராக மட்டுமே அறிந்தவர்கள் இந்தப் புதையலைத் தவறவிட்டார்கள். கிரிடி என்ற ஊரில் வாழும் ஷோங்கு தாமே ராக்கெட் கட்டி, நியூட்டன் என்ற பூனையோடும் விதுசேகர் என்ற இயந்திர மனிதனோடும் செவ்வாய்க்குப் புறப்படுகிறார். பூனைக்கு மீன் மாத்திரைகூட உண்டு! அவருடைய நாட்குறிப்பு, விண்கல் விழுந்த பள்ளத்தில் கிடைக்கிறது. நெருப்புக்கே அசையாத அந்தத் தாளைக் கடைசியில் எறும்புகள் தின்று தீர்க்கின்றன. 1988இல் ராமானுஜன் என்ற சிறுகோளைக் கண்டறிந்த காவலூரின் வானத்தடியில் முதலில் படிக்க ஏற்றது இந்தச் செவ்வாய்க் கதைதான்.